மில் ஓடும்போது வாங்க

வேட்டவலம் ரோட்டில் அப்துல் ரசாக் பாயின் ரைஸ் மில்லை ஒட்டி இருந்தது கண்ணாயிரத்தின் வீடு. ஒட்டி என்றால், இரண்டுக்கும் ஒரே சுவர். மில் ஓடினால் அடுப்பங்கரையில் தண்ணீர்ச் சொம்பு தானாக நகரும். அவர் மனைவி தனம் அக்கா அதை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்து வைப்பாள். அப்படிச் செய்வதே அவளுக்குத் தெரியாது.

அந்த வீட்டின் மாடி அறையில் நான் குடியிருந்தேன். ஆர்ட்ஸ் காலேஜில் வேலை. என் மனைவி சரோஜா இறந்து ஒரு வருடம் ஆகாத சமயம். ஊரில் வேறு நல்ல அறைகளும் கிடைத்தன. மில் சத்தத்தைக் கேட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டேன். சத்தம் இருக்கிற இடத்துக்கு ஆறுதல் சொல்ல யாரும் வருவதில்லை. வந்தாலும் காதில் விழாது.

கண்ணாயிரம் அந்த மில்லின் களத்து மேஸ்திரி. விடியும்போது அவியல் தொட்டியிலிருந்து வெந்த நெல்லை அள்ளிக் களத்தில் கொட்டுவார்கள். ஆவி புகைபோல எழும்பும். அந்த ஆவியில் அண்ணாமலையின் அடிவாரம் மறைந்து உச்சி மட்டும் தனியாக மேலே நிற்கும். பெண்கள் வரிசையாக நின்று காலாலேயே நெல்லைத் துழாவிக்கொண்டு நடப்பார்கள். மேஸ்திரி களத்தின் நடுவில் நின்று அவர்களை நடத்துவார். இந்த மூலை காயவில்லை, அந்த மூலையில் மாடு வருகிறது, மேகம் கறுக்கிறது, படுதா கொண்டு வா. எல்லாம் ஒரே குரல்தான். மில் மோட்டார் நின்றால் ஆயில் இன்ஜின் ஓடும். அது இன்னும் சத்தம். அதற்கும் மேலே கேட்க வேண்டும் அவர் குரல்.

அந்தக் குரலோடுதான் அவர் வீட்டுக்கு வருவார். வீட்டில் அதே குரலில் பதில் வரும். மில்லை நிறுத்தி, தொழிலாளிகள் எல்லாம் போன பிறகும் அந்த வீட்டில் குரல் இறங்காது. உப்பு கேட்பதும் ஊர்க்கதை பேசுவதும் ஒரே ஸ்தாயிதான்.

"சாரு! சாப்ட்டியா?" என்று தனம் அக்கா கீழிருந்து கேட்பாள். ரோட்டில் போகிறவர்களும் நின்று, நான் சாப்பிட்டேனா என்று மேலே பார்ப்பார்கள்.

வீட்டு வாசலில் தனம் அக்கா கூழ்க் கடை வைத்திருந்தாள். நெல் அரைக்க வரும் வண்டிக்காரர்களுக்குக் காலையில் இட்லி, மத்தியானம் வரைக்கும் கேழ்வரகுக் கூழ். கடையைப் பார்த்துக்கொண்டது மகள் வேதா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். களத்தின் மறு கோடியில் நின்று வண்டிக்காரர் வாயை அசைத்தால் போதும். இங்கே அவள் சட்டியை எடுத்துவிடுவாள். மோர் வேண்டாம், வெங்காயம் ஜாஸ்தி, மிளகாய் கம்மி, எல்லாம் அந்த அசைவிலேயே தெரிந்துவிடும். பெரிய மீசைக்காரர்கள் வந்தால்தான் சிரமம். "அண்ணே, மீசைய ஒதுக்கிகினு சொல்லு!" என்று கத்துவாள். யாரும் இதை ஒரு வித்தையாக நினைக்கவில்லை. மில் பக்கத்தில் வளர்ந்தால் அப்படித்தான்.

எழுபத்தெட்டாம் வருடம் தை மாதம் வேதாவுக்கு ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் தரகர் வேணு.

"பையன் பேரு பரசுராமன். செங்கம் ரோட்ல, ஆசிரமத்துப் பக்கம் சொந்த வீடு. வாசல்லயே சைக்கிள் கடை வெச்சிருக்கான். அப்பா இல்ல. அம்மா ரேணுகாம்பாள் மாடியில ரூமு கட்டி வாடகைக்கு வுட்டுகீது. வெள்ளக்காரங்க, வடநாட்டுக்காரங்க வந்து தங்கறாங்க. அடி அண்ணாமலைல கொஞ்சம் நெலமும் கீது. இன்னா சொல்றீங்க?"

"வரச் சொல்லு!" என்றார் கண்ணாயிரம்.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாளில் மில்லில் வண்டிகள் நின்ற வரிசை ரோடுவரைக்கும் இருந்தது. அறுவடை முடிந்த சமயம். பாய் தானாகவே ஒரு நல்ல காரியம் செய்தார்.

"மேஸ்திரி, வேதா பாப்பாவுக்கு நல்லது நடக்குது. மிஷின நிறுத்திடறேன். சத்தம் இல்லாம நிம்மதியா பேசுங்க."

"பாய், என் நெல்லு?" என்றான் முதல் வண்டிக்காரன்.

"உன் நெல்லு எங்க ஓடியா பூடும்? குந்துப்பா. பொண்ணு பாக்க வராங்க."

பெல்ட் தளர்ந்து, சக்கரம் மெதுவாகி, நின்றது. சொம்பு அசையாமல் இருந்தது. எங்கோ ஒரு கோழி கிளறுவது கேட்டது. படித்த ஆள் ஒருவர் கூட இருக்கட்டும் என்று மேஸ்திரி என்னையும் கூடத்தில் உட்காரவைத்திருந்தார். எனக்கு அந்த அமைதி ஆகவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விடலாம் என்றிருந்தது. மேலேயும் இதே அமைதிதான் இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். பரசுராமன், அவன் அம்மா ரேணுகாம்பாள், அம்மாவின் அண்ணன் சக்கரபாணி.

"வாங்க! வாங்க! வெய்யில்ல வந்துகீறீங்க! உக்காருங்க!" என்றார் கண்ணாயிரம்.

ரேணுகாம்பாள் உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்தார். பிறகு தைரியம் வந்து மறுபடியும் உள்ளே வைத்தார். பாயில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"இன்னாம்மா?"

மறுபடியும் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. "எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டேன்."

"எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கறாங்க," என்றேன்.

"ஓ! சௌக்கியம்! சௌக்கியம்!"

சக்கரபாணி ஒரு காதைத் தேய்த்துக்கொண்டார். அவர் அகலமான முகத்தில் பட்டையாக விபூதி இருந்தது.

உள்ளேயிருந்து தனம் அக்காவின் குரல் வந்தது. "வேதா! கேசரில முந்திரி போட்டியா, நீயே துன்னுட்டியா?"

"பாதி போட்டேன்! பாதி துன்னேன்!"

பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

மில் ஓடும் வீட்டில் ரகசியம் என்பது வேறு மாதிரி. வாயைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாதாரணக் குரலில் பேசினால் போதும். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. அப்படியே பழகியவர்கள் அவர்கள். கேசரித் தட்டுகளை வைத்துவிட்டுத் தனம் அக்கா குனிந்து, கணவர் காதருகே ரகசியம் சொன்னாள்.

"புள்ள நல்லாத்தான் கீறான். கூட வந்த மாமனுக்குத்தான் மூஞ்சி பூசணிக்கா மாதிரி கீது. திருஷ்டிக்கு இட்டாந்தாங்களா?"

"கம்முனு இரு. காதுல வுழுந்துடப் போவுது," என்று மேஸ்திரியும் ரகசியமாகவே பதில் சொன்னார்.

மில் நின்றிருந்தது. வெளியே கோழி கிளறும் சத்தமும் நின்றது.

என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தும்மியதுபோல் காட்டிக்கொண்டேன். சக்கரபாணி கையிலிருந்த கேசரியைத் தட்டில் வைத்து, தட்டைத் தள்ளிவைத்தார். அதை ஏன் தள்ளினார் என்று கணவன் மனைவி இருவருக்கும் புரியவில்லை. "இனிப்பு ஆவாதுங்களா? காரம் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்று மேஸ்திரி உண்மையான அக்கறையோடு கேட்டார்.

வேதா காபி கொண்டு வந்தாள். நீலப் புடவை. நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அதில் வெட்கம் இல்லை என்று நினைக்கக்கூடும். அவளுக்கு முகத்தைப் பார்க்காமல் பேச்சு இல்லை. ரேணுகாம்பாள் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார்.

"எஸ்எஸ்எல்சிங்க!"

ரேணுகாம்பாள் மடியில் காபி சிந்தியது.

பிறகு அவர்கள் மூவரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள். அதுவும் அவர்கள் வழக்கம்தான். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. மேஸ்திரியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "போயிட்டுத் தகவல் சொல்றோம்," என்று பரசுராமன் எழுந்தான். கூழ்க் கடை ஓரம் நின்றிருந்த வேதாவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் பாய் மில்லை ஓட்டினார். சொம்பு நகர ஆரம்பித்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

"பாத்தியாடி? குசுகுசு குசுகுசுன்னு! நம்ம வூட்டுக்குள்ளயே வந்து குந்திகினு நமக்குக் கேக்காம பேசறாங்க! கொற இருக்கறவன்தான் அப்பிடிப் பேசுவான்! பையனுக்கு இன்னா வியாதியோ!" என்றார் கண்ணாயிரம்.

"வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல!" என்றாள் வேதா. "அவரு அவங்கம்மா கிட்ட, எனக்குப் புடிச்சிருக்கும்மா, ஆனா இவங்க வூட்ல இன்னமோ சண்ட நடக்குது, நாம வந்த நேரம் சரியில்லன்னு சொன்னாரு. அந்தம்மா சொல்லிச்சு, இந்தச் சண்டையில அந்தப் பொண்ணு எப்பிடித்தான் வளந்துச்சோ, பாவம்னு."

"நீ எப்படி கேட்ட?"

"கேக்கல நைனா. பாத்தேன்."

தனம் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "சண்டையா? நாமளா? யாரு சண்ட போட்டாங்க?" அதை அவள் கேட்ட சத்தத்தில் வாசலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு. அந்தப் பெரியவரு, என்னியப் பூசணிக்கான்னு சொல்லிட்டாங்கன்னாரு."

மில் மட்டும் ஓடியது. முதலில் சிரித்தது மேஸ்திரி. பிறகு தனம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேதா சிரிக்கவில்லை.

"உனக்குப் புடிச்சிருக்காடி?" என்று அம்மா கேட்டாள்.

"மீசைய ஒழுங்கா வெட்டிகிறாரு. ஒதடு முழுசாத் தெரியுது," என்றாள் வேதா.

அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு பெண் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு மூன்று நாளில் வேணு வந்தார். உட்காரவில்லை. "அவங்களுக்குப் பொண்ண புடிச்சிருக்குது. குடும்பமும் நல்ல குடும்பம்தான், சண்டக்காரங்க இல்லன்னு நானே எடுத்துச் சொன்னேன். ஆனா சத்தம் ஜாஸ்தின்னு யோசிக்கறாங்க. மேல தங்கறவங்க காலைலேருந்து கண்ண மூடிகினு குந்திருக்கறவங்க. ஒரு தம்ளர் வுழுந்தா ரூமக் காலி பண்ணிட்டுப் பூடுவாங்களாம். அதுதான் அவங்களுக்குச் சோறு. வேணாம்னு சொல்லச் சொன்னாங்க."

வேதா உள்ளே போய்க் கேழ்வரகு புடைக்க ஆரம்பித்தாள். முறத்தின் சத்தம் மில்லைத் தாண்டிக் கேட்டது.

மேஸ்திரி விடுகிற ஆள் இல்லை. "மெதுவாப் பேசணும், அவ்ளோதான? பேசறோம்! அதுல இன்னா கஷ்டம்!" என்றார். மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டில் மெதுவாகப் பேசினார்கள்.

அவர் களத்தில் நின்று "அந்த மூலையத் தள்ளுங்கம்மா" என்று கிசுகிசுத்தார். பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி பாயிடம் ஓடி, "மேஸ்திரிக்குத் தொண்ட கட்டிகிச்சு, மெளகுப் பாலு குடுங்க," என்றாள். தனம் அக்கா வண்டிக்காரரிடம் மெல்லிய குரலில் "மோரா, வெறுங்கூழா?" என்று கேட்டாள். அவர், "இன்னாக்கா, யாரு மேல கோவம்?" என்றார். மழை வருகிறது என்று மேஸ்திரி மெதுவாகச் சொன்ன அன்று ஒரு களம் நெல் நனைந்தது. பாய் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "மேஸ்திரி, நீ கத்துப்பா. உன் கத்தல்லதான் என் மில்லு ஓடுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்தம் இல்லாத இடத்தில் பழகலாம் என்று மூவரும் மலை சுற்றும் பாதைக்குப் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள். அடி அண்ணாமலை தாண்டி, வேலிகாத்தான் மரங்களுக்கு நடுவில் பாதை காலியாக இருந்தது. கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் பாய்வதுகூடக் கேட்டது.

"இப்ப பேசு," என்றார் மேஸ்திரி, மெதுவாக.

"இன்னா பேசறது?" என்றாள் தனம் அக்கா, அதைவிட மெதுவாக.

"எதாச்சும் பேசு."

"ஒண்ணும் தோணல."

நிஜமாகவே அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாலு பேரும் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நடந்தோம். திடீரென்று வேதா நின்றாள்.

"யம்மா! அங்க பாரு, மயிலு!"

நிஜமாகவே ஒரு மயில் இருந்தது. அவள் கத்தியதும் பறந்துவிட்டது. மேஸ்திரி கோபமாகத் திரும்பினார். அவளும் கோபமாக இருந்தாள்.

"நைனா, எனக்கு இது ஆவாது! மயிலப் பாத்தா மயிலுன்னு சொல்லாம இருக்க முடியல! ஊமையா நடிச்சு அவரக் கட்டிகினா எத்தினி நாளு நடிக்கறது? அவங்கதான் நம்மளத் தப்பாப் பாத்துட்டாங்க. பாய் மிஷின நிறுத்தினதால வந்த வென!"

"அதுக்கு?"

"மில்லு ஓடும்போது வந்து பாக்கச் சொல்லு!"

"வேணாம்னு சொன்னவங்கள எப்பிடிறி கூப்படறது? மானம் போவாது?"

வேதா திரும்பினாள். என் சைக்கிளைப் பார்த்தாள். நான் அதைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.

"சார், சைக்கிள் பஞ்சருங்களா?"

"இல்லையே."

அவள் வேலிகாத்தானிலிருந்து நீளமான முள் ஒன்றை ஒடித்தாள். முன் டயரில் வைத்து அழுத்தினாள். "இப்ப பஞ்சரு. செங்கம் ரோட்ல நல்லா ஒட்டுவாங்களாம்."

பரசுராமன் கடையில் சுத்தியலுக்குத் துணி சுற்றியிருந்தது. வாடகை சைக்கிள்கள் வரிசையாக நின்றன. எதிலும் பெல் இல்லை. கழற்றிய பெல்கள் ஒரு டப்பாவில் இருந்தன. மாடி வராந்தாவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவன் டியூபைக் கழற்றும்போது மிச்சக் காற்று புஸ்ஸென்று போனது. உடனே மேலே பார்த்தான். கண் மூடியேதான் இருந்தது. பெருமூச்சு விட்டான். அதையும் மெதுவாகவே விட்டான்.

"முள்ளு நேரா எறங்கியிருக்கு சார். யாரோ வெச்சுக் குத்தின மாதிரி," என்று கிசுகிசுத்தான்.

"ஆமா. வேதா குத்தினாங்க."

அவன் கை நின்றது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டான்.

"உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"புடிச்சிருக்கு சார். முந்திரிய தின்னேன்னு சொன்னாங்க பாருங்க, அப்பவே." சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. "எங்க வீடு இப்பிடி ஆயிடுச்சு. அம்மிய புளியமரத்தாண்ட கொண்டுபோய் வெச்சிருக்கோம். கதவுக்கு எண்ண போட்டுகிட்டே இருக்கணும். எங்கப்பா செத்தப்பகூட எங்கம்மா வாய் வுட்டு அழல சார். மேல ஆளு இருந்தாங்க."

அவன் ஒட்டுப் போட்டு, தண்ணீரில் முக்கிப் பார்த்தான்.

"அவங்க சண்டை போடலை. அதான் அவங்க பேச்சு. மில் ஓடும்போது வந்து பாருங்க," என்றேன்.

"மில்லு ஓடும்போது வந்தா ஒண்ணும் கேக்காதே சார்."

"அதுக்குத்தான். உங்க நெல் அறுத்தாச்சா?"

"வீட்லதான் கீது."

"அரைக்கணும் இல்ல?"

அவன் டியூபைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். ஒட்டுக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மில் வாசலில் மூட்டைகளோடு ஒரு வண்டி வந்து நின்றது. பரசுராமன் இறங்கினான். பிறகு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ரேணுகாம்பாள் இறங்கினார். சக்கரபாணி வரவில்லை. எனக்கு லீவு. கூழ்க் கடை பெஞ்சில் இருந்தேன்.

தனம் அக்கா பார்த்துவிட்டு உள்ளே ஓடி வேறு புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மேஸ்திரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நெல் அரைக்க வந்தவர்களைச் சம்பந்தம் பேச வந்தவர்களாக வரவேற்க முடியாது. களத்தில் நின்றபடியே கும்பிட்டார். வாயைத் திறந்தார். பழகியது ஞாபகம் வந்து மெதுவாக "வாங்க" என்றார். அவருக்கே அது கேட்டிருக்காது.

பரசுராமன் மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டப் போனான். கூலி ஆட்கள் மூட்டைகளைத் தோளில் ஏற்றினார்கள். வருகிற நெல் எல்லாம் புழுங்கலுக்குத்தான் என்று அவியல் தொட்டிப் பக்கம் நடந்தார்கள். ரேணுகாம்பாள் கையை நீட்டி ஏதோ சொன்னார். யாரும் திரும்பவில்லை. பாய், "இன்னாம்மா? இன்னா?" என்று காதைக் காட்டினார். அவர் மறுபடியும் சொன்னார். பாய் கையை விரித்தார். அதற்குள் முதல் ஆள் தொட்டி மேடையில் ஏறி மூட்டை வாயை அவிழ்த்துவிட்டான். நெல் அந்தச் சுடுதண்ணீரில் விழுந்தால் பிறகு பச்சரிசி ஆகாது. ரேணுகாம்பாள் உதடு வேகமாக அசைந்தது. கண் கலங்கிவிட்டது. மகன் மாட்டோடு அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

"டேய்! கொட்டாத! அது பச்சரிசிக்கு! படையலுக்கு வெச்சிருக்கறது! எறக்குடா!"

களத்தின் இந்தக் கோடியிலிருந்து வேதா போட்ட கத்தல் அது. தொட்டி மேல் நின்றவன் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒரு மணி நெல்கூட விழவில்லை. களத்துப் பெண்கள் நின்றார்கள். மாடு நின்றது.

ரேணுகாம்பாள் யார் கேட்டது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. களத்துக்கு அப்பால் கூழ்ப் பானைக்குப் பின்னால் வேதா நின்றாள். அவர் காதிலிருந்து கையை எடுத்தார். அங்கிருந்தே உதட்டை அசைத்தார். வேதா தலையை ஆட்டினாள். மறுபடியும் அசைத்தார். அரைத்து முடிய எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வேதா ஒரு விரலைக் காட்டி, பிறகு வானத்தைக் காட்டினாள். நடுவில் ஆவியும் தவிட்டுத் தூசியும் மில் சத்தமும் இருந்தன. அதன் ஊடே இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக ரேணுகாம்பாள் பின்னால் ஒருதரம் பார்த்துவிட்டு எதையோ சொன்னார். வேதா கையிலிருந்த அகப்பையை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடி?" என்றாள் தனம் அக்கா.

"எங்கண்ணன் மூஞ்சி பூசணிக்காதான், எனக்கும் சின்ன வயசுலேருந்தே தோணிகினு இருந்துதுன்னு சொல்றாங்க!"

"ஐயையோ!" தனம் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

மாட்டைக் கட்டிவிட்டு வந்த பரசுராமன் அம்மாவையும் வேதாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவனும் அங்கிருந்தே ஏதோ சொன்னான். சின்னதாகத்தான் சொன்னான். வேதா சட்டென்று திரும்பி அடுப்பை ஊதப் போனாள்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல!"

"ஒண்ணுமில்லாததுக்கா இப்பிடிச் செவந்து பூட்ட?"

"அடுப்பு அனலு!"

அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

பரசுராமன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். காதில் வாயை வைத்துப் பேசினான். அதற்குள் அந்த ரகசியத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். "சார், எங்கம்மா கீழேருந்து ஒதட்ட அசைச்சா மாடியில நிக்கற இவங்களுக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு வேற இன்னா சார் வேணும்?"

"உங்க அம்மாகிட்ட சொல்லுங்க," என்றேன்.

நெல் அரைத்து அரிசி மூட்டை வண்டியில் ஏறும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரேணுகாம்பாள் தலையெல்லாம் தவிடு. கூழ்க் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். தனம் அக்கா ஒரு சட்டியில் கூழும், தட்டில் மோர் மிளகாயும் வெங்காயமும் எடுத்துவிட்டு, தயங்கி நின்றாள். பெண் வீட்டில் கேசரி, காபி சாப்பிடுவது கணக்கில் வராது. கை நனைத்துச் சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். கொடுத்து, அவர் வேண்டாம் என்றால் அதுவும் அவமானம். சட்டியைப் பெஞ்சின் ஓரத்தில் பொதுவாக வைத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

மேஸ்திரி களத்திலிருந்து வந்து துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ரேணுகாம்பாள் அவரைப் பார்த்து ஏதோ சொன்னார். மில் ஓடிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி வேதாவைப் பார்த்தார். வேதா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல்வரைக்கும் சிவந்திருந்தது.

"இன்னாடி சொல்றாங்க? சொல்லேன்!" என்றாள் தனம் அக்கா.

"அத நான் எப்பிடிச் சொல்றது! அவங்களையே கேளு!"

ரேணுகாம்பாள் கொஞ்சம் குரல் கொடுத்துச் சொன்னார். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கொடுத்தார். இருமல் வந்தது. எழுந்து நின்றார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கழுத்து நரம்பு எழும்பியது.

"உங்க பொண்ண என் புள்ளைக்குக் குடுங்க!"

களத்தில் நடந்துகொண்டிருந்த கால்கள் எல்லாம் நின்றன. பாய் மில் வாசலுக்கு ஓடி வந்தார். பரசுராமன் அரிசி மூட்டையைப் பாதி ஏற்றியபடி அம்மாவைப் பார்த்தான். ரேணுகாம்பாள் தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். அங்கே இவ்வளவு இருந்தது என்று அவருக்கே தெரியாது. கத்துவது பிடித்துப்போய்விட்டது. நிறுத்த முடியவில்லை.

"மேல இருக்கறவங்க கண்ண மூடிகினுதான் இருக்காங்க! வேணும்னா காதையும் மூடிக்கட்டும்! எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்!"

களத்துப் பெண்கள் நெல்லிலேயே நின்று குலவை போட்டார்கள். "அப்பிடிப் போடு!" என்று ஒரு வண்டிக்காரர் சாட்டையைச் சுழற்றினார். தனம் அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் என் தோளில் அடித்தாள். வலித்தது. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அது தும்மல் இல்லை.

கண்ணாயிரத்துக்கு மரியாதை வந்துவிட்டது. பெண் கேட்கிற பெரிய மனுஷிக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அவர் அத்தனை நாள் பழகியிருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கைகூப்பி, குனிந்து, மிகவும் மெதுவாக எதையோ சொன்னார். உதடு மட்டும்தான் அசைந்தது.

ரேணுகாம்பாள் காதுக்குப் பின்னால் கை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். இன்னொரு கையைக் கூழ்ச் சட்டிக்குள் விட்டார்.

"ஒண்ணும் வுழல! சத்தமாச் சொல்லுங்க சம்பந்தி!"